புளித்த இலை சொன்ன சேதி

மாங்காடு, பூந்தமல்லிப் பக்கம் தொட்டிச்செடி வளர்த்து விற்கிறவர்களுக்கு இந்தச் சேதி. ரோஜாப்பூ மாதிரி இலை அடுக்கிய எச்செவேரியா கலப்பினம் பார்க்க அழகு. ஐப்பசி மழையில் அழுகினால் போட்ட காசும் போச்சு. ஏன் அழுகுகிறது? பழைய கதை ஒன்று பதில் சொல்லும்.

கம்பெனி காலத்தில் மதராஸ் அரசின் தாவரவியலாளராக இருந்தவர் பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியர். நம்ம வேலியோர ரணகள்ளி இலையை மென்று பார்த்தார். காலையில் புளியாரைக்கீரை போல ஒரே புளிப்பு. உச்சிவேளையில் சப்பென்று இருந்தது. சாயங்காலம் லேசான கசப்பு. இதை 1813ல் லண்டன் லின்னேயன் சங்கத்து லாம்பர்ட்டுக்குக் கடிதமாக எழுதினார். கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை, நாக்கே போதுமாயிருந்தது!

எச்செவேரியாவும் ரணகள்ளிக் குடும்பந்தான். பகலில் இலைத்துளையை மூடி ஈரத்தைக் காக்கும். இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிப் புளிப்பாகச் சேர்த்து வைக்கும். வெயில் வந்ததும் அதைச் செலவழித்து உணவாக்கும். அதனால் தண்ணீர்த் தேவை சொற்பம். அதன் தாய்நாடான மெக்சிகோ மலைகளில் இரவு குளிரும். நம்மூர் இரவோ புழுங்கும். ஆகையால் தொட்டி மண்ணில் பாதிக்கு மேல் மணலும் செங்கல் சல்லியும் கலந்துகொள்ளுங்கள். மண் நன்றாகக் காய்ந்த பிறகே, குருத்தில் தேங்காமல் தண்ணீர் விடுங்கள். அடைமழைக்கு முன்பே வெளிச்சமுள்ள கூரைக்கடியில் மாற்றிவிடுங்கள்.