மேற்குத் தொடர்ச்சி மலை வல்லுநர் குழுக்கள்: உறுப்பினர்களின் துறைப் பின்னணி

மேற்குத் தொடர்ச்சி மலையின் எந்தப் பகுதியை எப்படிக் காப்பது என்று நடுவண் அரசுக்கு அறிவுரை கூற, மூன்றாண்டு இடைவெளிக்குள் இரண்டு குழுக்கள் அமைக்கப்பட்டன. முதலாவது 2010 மார்ச்சில் சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையில் அமைந்த வல்லுநர் குழு. இரண்டாவது 2012 ஆகஸ்டில் விண்வெளி அறிவியலாளர் கி. கஸ்தூரிரங்கன் தலைமையில் அமைந்த உயர்மட்டப் பணிக்குழு. இரண்டும் ஆராய்ந்தது ஒரே மலையை. ஆனால் முதல் குழு மலைத்தொடர் முழுவதையுமே சூழல் கூருணர்வு கொண்டதாகக் கருதி மூன்று மண்டலங்களாகப் பிரித்தது. இரண்டாவது குழு அதில் ஏறத்தாழ 37 விழுக்காட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. அரசியல் நெருக்கடியே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மைதான். குழுக்களில் அமர்ந்தவர்கள் எந்தத் துறையிலிருந்து வந்தார்கள், தொழில்வாழ்வில் எந்தக் கருவியைக் கையாண்டு பழகினார்கள் என்பதும் அந்த வரைபடங்களில் பதிந்திருக்கிறது.

முன்வரலாறு

சூழல் சிக்கல்களுக்கு அறிஞர் குழுவை நாடும் வழக்கம் இந்த மலையில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு (சைலண்ட் வேலி) அணை விவகாரத்தில் வலுப்பெற்றது. 1976இல் அங்கு அணைத் திட்டத்தை ஆராய்ந்த பணிக்குழுவுக்குத் தலைமை வகித்த ஜாபர் ஃபுத்தேஹள்ளி பறவை ஆர்வலர். அடுத்து அங்கு சென்று பார்த்து அறிக்கை தந்த எம்.எஸ். சுவாமிநாதன் வேளாண் அறிவியலாளர். இறுதியாக நடுவண் அரசும் கேரள அரசும் இணைந்து அமைத்த குழுவின் தலைவர் எம்.ஜி.கே. மேனன் அண்டக்கதிர் ஆய்வில் பெயர்பெற்ற இயற்பியலாளர். மாதவ் காட்கில் அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்தார். அணை கைவிடப்பட்டு, 1984இல் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தலைவர் இயற்பியலாளராக இருந்தது அங்கே காட்டுக்குத் தீங்காக முடியவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் கஸ்தூரிரங்கன் குழுவைப் பற்றி எழுதியவர்கள் பலர், விண்வெளிக்காரருக்கு மலையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி போதுமானதல்ல.

காட்கில் குழு

2010 பிப்ரவரியில் நீலகிரி மாவட்டம் கோத்தகிரியில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதுகாப்பு இயக்கத்தினர் கூடினார்கள். அதில் கலந்துகொண்ட அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அடுத்த மாதமே, மார்ச் 4 அன்று, குழுவை அமைத்து ஆணையிட்டார். மலைப்பகுதி மக்களின் கோரிக்கையிலிருந்து பிறந்த குழு என்பதால் உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்த மலையிலேயே களப்பணி செய்தவர்களாக இருந்தனர்.

தலைவர் காட்கில் 1942இல் புனேயில் பிறந்தவர். தந்தை டி.ஆர். காட்கில் பொருளியல் அறிஞர், திட்டக் குழுவின் துணைத் தலைவராக இருந்தவர். மகன் ஹார்வர்டில் கணிதச் சூழலியலில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, 1973இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். அங்குள்ள சூழலியல் ஆய்வு மையத்தைத் தோற்றுவித்தவர் அவர்தான். எண்களில் தேர்ந்தவர் என்றாலும், அவருடைய ஆய்வுமுறையைத் திருப்பிவிட்டது வடகன்னட மாவட்டத்து மூங்கில். 1970களில் காகித ஆலைகளுக்கு மூங்கில் வெட்டப்பட்டதால் தங்களுக்குக் கிடைப்பதில்லை என்று கூடை முடைவோர் முறையிட, கர்நாடக அரசு அவரை ஆராயச் சொன்னது. ஆலைகளுக்காக மூங்கில் வெட்டியவர்கள், புதரின் அடியில் இருக்கும் முள்மூடியை அகற்றினால் மூங்கில் நன்றாக வளரும் என்று நம்பி அதை வெட்டிவந்தார்கள். முள் போனால் இளங்குருத்தைக் கால்நடையும் காட்டு விலங்கும் தின்றுவிடும் என்று ஊர்மக்கள் சொன்னார்கள். அளந்து பார்த்தபோது ஊரார் சொன்னதே சரியாக இருந்தது. மூங்கில் இருப்பு பற்றிய அரசுக் கணக்கும் மிகையானது என்று தெரிந்தது. கிராம சபைக்கு அறிக்கையை அனுப்பி அவர்கள் கருத்தைக் கேட்ட பிறகே மண்டல எல்லைகளை உறுதிசெய்ய வேண்டும் என்று 2011இல் அவர் பிடிவாதமாக எழுதியதற்கு வேர் இங்கே இருக்கிறது.

ராமன் சுகுமார் சென்னையில் பிறந்து, லயோலா கல்லூரியிலும் விவேகானந்தா கல்லூரியிலும் தாவரவியல் படித்தவர். காட்கிலின் மையத்தில் சேர்ந்து ஆசிய யானையை ஆராய்ந்தார். 1980களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைப் பகுதிகளில் அவர் செய்த வேலை, யானைக்கும் உழவருக்கும் இடையிலான மோதலை அறிவியல் கேள்வியாக மாற்றியது. கூட்டமாகத் திரியும் பெண்யானைகளைவிட ஆண்யானைகளே பயிரை அதிகம் மேய்கின்றன என்பதை அவர் காட்டினார். 1988இல் முதுமலையில் 50 ஹெக்டேர் பரப்பில் ஒவ்வொரு மரத்தையும் எண்ணிக் குறித்துவரும் நீண்டகால ஆய்வுத் திடலை நிறுவியதும் அவர்தான். அவருடைய சகபேராசிரியர் ரெனே போர்ஹெஸ் மலபார் மலையணிலில் தொடங்கி, அத்தி மரத்துக்கும் அதன் குளவிக்கும் உள்ள உறவை ஆராய்பவர்.

பறவையியலாளர் வி.எஸ். விஜயனின் பின்னணி இந்தக் குழுவில் தனியாகக் கவனிக்கத் தக்கது. கோவை ஆனைகட்டியிலுள்ள சலீம் அலி பறவையியல் மையத்தின் நிறுவன இயக்குநர் அவர். கேரளப் பல்லுயிர் வாரியத்தின் தலைவராகவும் இருந்தார். அதற்கு முன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சார்பில் ராஜஸ்தானின் பரத்பூர் நீர்நிலையில் பல்லாண்டு ஆய்வை நடத்தினார். 1982இல் அங்கே எருமை மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. தடைக்குப் பிறகு புல் மண்டி நீர்ப்பரப்பை அடைத்தது, நீர்ப்பறவைகளுக்கு இடம் குறைந்தது என்பதை அந்த ஆய்வு காட்டியது. மனிதரை வெளியேற்றினால் இயற்கை தானாகச் செழிக்கும் என்ற நம்பிக்கையைத் தன் தரவாலேயே தகர்த்த ஒருவர் இக்குழுவில் இருந்தார். காட்கில் அறிக்கை மக்களை மலையிலிருந்து விரட்டச் சொல்கிறது என்று பரப்பப்பட்டபோது இதை நினைவூட்ட யாரும் இல்லாமல் போனது வருத்தத்துக்குரியது.

கே.என். கணேசய்யா பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியர், கன்னடத்தில் பரவலாக வாசிக்கப்படும் நாவலாசிரியர். பல்லுயிர்த் தரவுகளைத் தொகுத்து வரைபடமாக்கும் பணியில் அவருக்கு நீண்ட பழக்கம் உண்டு. கோவாவைச் சேர்ந்த நந்தகுமார் காமத் நுண்ணுயிரியலாளர், கறையான் புற்றில் முளைக்கும் காளான்களின் அழிவைப் பற்றி இடைவிடாமல் எழுதிவந்தவர். ஆர்.வி. வர்மா வனப்பூச்சியியலாளர். லிஜியா நொரோன்ஹா இயற்கை வளப் பொருளியலாளர், சுரங்கத்தொழில் கோவாவில் விளைத்த மாற்றங்களை ஆராய்ந்தவர், பின்னாளில் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தில் உயர்பொறுப்பு வகித்தார். உதகையைச் சேர்ந்த பி.ஜே. கிருஷ்ணன் வழக்கறிஞர்; நீலகிரியைக் காக்கும் இயக்கத்தை முன்னின்று நடத்தியவர். இவர்களுடன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட தேசியப் பல்லுயிர் ஆணையம், அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் ஆகியவற்றின் தலைமைப் பொறுப்பாளர்கள் பதவி வழியாக இடம்பெற்றார்கள்.

உயிரியல் சார்ந்தவர்கள் மிகுந்த இந்தக் குழு, 1,29,037 சதுர கிலோமீட்டர் பரப்பை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீள அகலமுள்ள 2,200 சதுரக் கட்டங்களாகப் பிரித்தது. அந்த மலைக்கே உரிய தாவரங்கள், அருகிவரும் பாலூட்டிகள், காட்டின் அளவு, உயரம், சரிவு, ஆற்றோரக் காடு போன்றவற்றுக்கு மதிப்பெண் கொடுத்து மண்டலங்களை வகுத்தது. கட்டங்கள் பெரியவை என்பது உண்மையான குறை. ஒரே கட்டத்துக்குள் சோலைக்காடும் கடைத்தெருவும் வந்துவிடும். ஆனால் உயிரினங்களைத் தேடிக் காட்டில் நடந்தவர்களின் அறிவு அதில் இருக்கிறது. மண்டலத்துக்கு மண்டலம் கண்டிப்பு மாறியது. வேதிப் பூச்சிக்கொல்லியை முதல் மண்டலத்தில் 5 ஆண்டுகளிலும், இரண்டாவதில் 8 ஆண்டுகளிலும், மூன்றாவதில் 10 ஆண்டுகளிலும் படிப்படியாகக் கைவிடச் சொன்னது ஓர் எடுத்துக்காட்டு. அறிக்கை 2011 ஆகஸ்ட் 31 அன்று அளிக்கப்பட்டது. அமைச்சகம் அதை வெளியிடவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகவும் டெல்லி உயர்நீதிமன்றத் தீர்ப்பின் பிறகும்தான் 2012 மே மாதம் அது மக்கள் பார்வைக்கு வந்தது.

கஸ்தூரிரங்கன் குழு

மாநிலங்கள் எதிர்த்ததால், அந்த அறிக்கையை மறுபடி ஆராய 2012 ஆகஸ்ட் 17 அன்று இரண்டாவது குழு அமைந்தது. கஸ்தூரிரங்கன் 1994 முதல் 2003 வரை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர். அறிவியலில் அவருடைய துறை உயராற்றல் வானியல். குழுவை ஏற்றபோது அவர் திட்டக் குழு உறுப்பினராக இருந்தார், அதாவது வளர்ச்சித் திட்டங்களைத் தீட்டும் இடத்தில். அவருடன் பொருளியலாளர் காஞ்சன் சோப்ரா இருந்தார். காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றும்போது எவ்வளவு தொகை கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்துக்காக மதிப்பிட்ட குழுவின் தலைவர் அவர். டெல்லி யமுனைப் பல்லுயிர்ப் பூங்காவை உருவாக்கிய தாவரவியலாளர் சி.ஆர். பாபு, அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தின் சுனிதா நாராயண், மூலிகை மரபைப் பேணும் பெங்களூரு அறக்கட்டளையை நிறுவிய தர்ஷன் சங்கர், அமைச்சகத்தில் உயர்பதவி வகித்த ஜே.எம். மவுஸ்கர், வனப்பணி அதிகாரி ஜகதீஷ் கிஷ்வன் ஆகியோரும் இடம்பெற்றனர். திறமையில் குறைந்த குழு அல்ல இது. ஆனால் டெல்லியில் இருந்து பணியாற்றியவர்கள் அதிகம், இந்த மலையில் பல்லாண்டு தங்கி ஆய்ந்தவர்கள் குறைவு.

அவர்களுடைய முதன்மைக் கருவி செயற்கைக்கோள் படம். ஐதராபாத் தேசியத் தொலையுணர்வு மையத்தின் துணையோடு, 24 மீட்டர் நுட்பத்தில் மலையை வரைந்தார்கள். காட்கில் குழுவின் கட்டங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். 1,64,280 சதுர கிலோமீட்டரில் வயலும் தோட்டமும் ஊரும் உள்ள 58.44 விழுக்காட்டைப் பண்பாட்டு நிலம் என ஒதுக்கி, எஞ்சிய இயற்கை நிலத்தில் மக்கள் அடர்த்தி குறைந்த, துண்டுபடாத பகுதியை மட்டும் சூழல் கூருணர்வுப் பகுதியாக்கினார்கள். 59,940 சதுர கிலோமீட்டர், 4,156 ஊர்கள். அதில் தமிழ்நாட்டு ஊர்கள் 135.

விண்ணிலிருந்து பார்க்கும்போது நிலத்தில் இன்று மூடியிருப்பது எது என்பது துல்லியமாகத் தெரியும். ஓர் ஏலத்தோட்டத்தின் வழியாக எந்த மாதம் யானை கடக்கிறது, ஓர் ஓடை கோடையில் யாருக்குத் தண்ணீர் தருகிறது, சரிவின் மேல்மண்ணை எந்த மரத்தின் வேர் பிடித்திருக்கிறது என்பவை தெரியாது. அவற்றை அறிந்தவர்கள் முதல் குழுவில் இருந்தார்கள். அவர்களிடமோ ஊர் எல்லை வரை பிரித்துக்காட்டும் துல்லியமான வரைபடம் இல்லை. இரு குழுக்களும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தால் இன்னும் நல்ல வரைபடம் கிடைத்திருக்கும் என்பதை இரண்டு அறிக்கைகளையும் அடுத்தடுத்துப் படிப்பவர் உணர்வார்.

பொருளியலாளரின் கையும் இரண்டாவது அறிக்கையில் தெரிகிறது. காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு நிதி ஈடு, நிதிக் குழுவின் தனி ஒதுக்கீடு ஆகியவற்றை அது விரிவாகப் பேசியது. காட்கில் அறிக்கையில் இந்தப் பக்கம் மெலிந்தே இருந்தது. மறுபுறம், பொருளாதார முடிவுகளில் உள்ளூர் மக்களுக்குள்ள இடம் பற்றிப் பணிக்குழு எடுத்த நிலைப்பாட்டை 2013 மேயில் எழுதிய திறந்த கடிதத்தில் காட்கில் கடுமையாக மறுத்தார்.

இடம்பெறாதவர்கள்

மலையில் வாழும் சிறு உழவர், தேயிலைத் தோட்டத் தொழிலாளர், பழங்குடியினர் ஆகியோருக்கு இரண்டு குழுக்களிலும் தனி இடம் ஒதுக்கப்படவில்லை. இதுவே மிகப் பெரிய குறை. கருத்துக் கேட்புக் கூட்டங்களும் களப் பயணங்களும் நடந்தன. ஆனால் கருத்துச் சொல்வதும் குழுவில் அமர்ந்து முடிவெடுப்பதும் வேறுவேறு. காட்கில் குழு இதை அறிந்திருந்தது போலும். அது பரிந்துரைத்த மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலியல் ஆணையத்தில் ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதியோ சூழலியல் அறிஞரோ தலைவராக இருப்பார். சட்ட வல்லுநரோடு மாநிலங்களின் குடிமைச் சமூகத்தினருக்கும் பழங்குடிப் பிரதிநிதிக்கும் அதில் இடம் உண்டு. அந்த ஆணையம் அமைக்கப்படவில்லை. அறிக்கையை எவரும் படித்துக்காட்டாத ஊர்களில் அச்சம் பரவியது; 2013 நவம்பரில் இடுக்கி, வயநாடு பகுதிகளில் போராட்டங்களும் கடையடைப்பும் நடந்தன.

பின்வந்த குழுக்கள்

2013 அக்டோபரில் கேரளம் தனியாக மூவர் குழு ஒன்றை அமைத்தது. தலைவர் உம்மன் வி. உம்மன் விலங்கியல் பேராசிரியர், மாநிலப் பல்லுயிர் வாரியத் தலைவர். உறுப்பினர்களில் வி.என். ராஜசேகரன் பிள்ளை வேதியியலாளர், பி.சி. சிரியக் ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அதிகாரி. ஊர் ஊராகச் சென்று குடியிருப்பையும் தோட்டத்தையும் நீக்கி எல்லையைத் திருத்தச் சொன்னது இக்குழு. அதன் விளைவாகக் கேரளத்தின் பங்கு 13,108 சதுர கிலோமீட்டரிலிருந்து 9,993.7 ஆகக் குறைந்தது. நடுவண் அரசு 2014 மார்ச்சில் வெளியிட்ட முதல் வரைவு அறிவிக்கையில் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 56,825 சதுர கிலோமீட்டர். வரைவு காலாவதியாவதும் புதிதாக வெளியிடப்படுவதும் தொடர்ந்தன. 2022இல் மாநிலங்களின் மறுப்புகளை ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்கு, வனத்துறைத் தலைமை இயக்குநராக இருந்து ஓய்வுபெற்ற சஞ்சய் குமார் தலைமை ஏற்றார். ஆறாவது வரைவு 2024 ஜூலை 31 அன்று வெளியானது. வயநாட்டில் சூரல்மலை, முண்டக்கை நிலச்சரிவு நிகழ்ந்தது அதற்கு முந்தைய நாள்.