மலைமுகடும் எல்லைக்கோடும்: அரான் பள்ளத்தாக்கும் வட்டவடையும்

பிரான்சு நாட்டை அதன் மக்கள் 'அறுகோணம்' என்றே குறிப்பிடுவர். ஆங்கிலக் கால்வாய், அட்லாண்டிக், மத்தியதரைக்கடல் என மூன்று பக்கம் நீர். கிழக்கில் ரைன் ஆறும் ஆல்ப்சு மலையும், தெற்கில் பைரனீசு மலையும். இயற்கையே எல்லை வகுத்த நாடு என்ற எண்ணத்தை இப்படம் எளிதில் ஊட்டிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே தமிழ்நாடு, மேற்கே கேரளம் என்னும் பள்ளிப் பாடமும் அத்தகையதே. நீரோட்டத்தைப் பின்தொடர்ந்தால் இவ்விரு படங்களும் பிசகுகின்றன.

1659இல் பிரான்சும் இசுப்பானியாவும் செய்துகொண்ட பைரனீசு உடன்படிக்கை, அம்மலையையே இரு நாடுகளுக்கும் எல்லையாக அறிவித்தது. ஆயினும் மலையின் வடசரிவிலுள்ள அரான் பள்ளத்தாக்கு இசுப்பானியாவிடமே இருந்தது. அங்குத் தோன்றும் கரோன் ஆறு பிரான்சுக்குள் பாய்ந்து, போர்தோ நகரைக் கடந்து அட்லாண்டிக்கில் கலக்கிறது. இதற்கு நேர்மாறானது செர்தாஞா. அதன் நீர் செக்ரே ஆற்றின் வழியே இசுப்பானியாவின் எப்ரோவைச் சேர்கிறது. எனினும் அப்பகுதியின் 33 ஊர்கள் 1660இல் பிரான்சுக்கு அளிக்கப்பட்டன. யீவியா மட்டும் 'ஊர்' அன்று, 'நகரம்' என்று வாதிடப்பட்டதால், இன்றும் பிரான்சு சூழ்ந்த இசுப்பானிய நிலமாக நிற்கிறது. அங்கு எல்லையைத் தீர்மானித்தது மலையன்று, ஒரு சொல்லின் பொருள்.

வட்டவடை இந்த வரிசையில் வைத்துக் காணத்தக்கது. இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்திலுள்ள இவ்வூரின் நீர், பாம்பாற்றின் வழியே அமராவதியையும், பின் காவிரியையும் அடைகிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் ஆறுகள் கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்றே. பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி வழியே ஓடும் பவானியும் காவிரிக்கே செல்கிறது. நீர்ப்பிரிமுகடே எல்லையாக இருந்திருப்பின், வட்டவடை தமிழ்நாட்டின் பக்கம் அமைந்திருக்கும்.

மொழியும் நீரின் திசையிலேயே நின்றது. ஆயினும் 1956 நவம்பர் 1 அன்று தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் நிலைபெற்றன. திருவிதாங்கூர்த் தமிழர் இயக்கம் இவ்விரண்டையும் கோரியிருந்தது. அங்குள்ள தமிழர் பெரும்பான்மை தோட்டத் தொழிலாளர் வருகையால் ஏற்பட்டது என்பது எதிர்வாதங்களுள் முதன்மையானது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களுக்கு அவ்வாதம் ஓரளவு பொருந்தலாம். தேயிலை வருமுன்பே படிக்கட்டு வயல்களில் பயிரிட்டுவந்த வட்டவடை உழவர்க்கு அது பொருந்தாது. வட்டம் என்னும் நிருவாக அலகைக் கணக்கிட்டபோது, ஊரின் வரலாறு அதனுள் மறைந்துபோயிற்று.

எல்லை அமைந்த பின் மொழியின் நிலை என்ன என்பதே அடுத்த வினா. அரானில் பேசப்படும் ஆக்சித்தான் மொழியின் பெரும்பரப்பு பிரான்சுக்குள் உள்ளது. எனினும் குடியரசின் மொழி பிரெஞ்சு என்றே அந்நாட்டு அரசமைப்பு 1992 முதல் கூறுகிறது. ஆக்சித்தான் முழு ஆட்சிமொழித் தகுதி பெற்றிருப்பது மலைக்கு இப்பால், இசுப்பானியாவின் கத்தலோனியாவில், 2006ஆம் ஆண்டின் தன்னாட்சிச் சட்டத்தால். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள வழிசெய்கிறது.

ஆகவே, 'தவறான பக்கத்தில்' விழுந்த ஊரின் மொழி அழிந்தே தீரும் என்பது விதியன்று. அதன் வாழ்வு மலையைச் சார்ந்ததும் அன்று. பள்ளியிலும் அலுவலகத்திலும் அச்சட்டம் எவ்வளவு நடைமுறையாகிறது என்பதையே சார்ந்தது.