பாவமன்னிப்புக்குப் பின் பத்துக் கற்பனைகள்

1527-இல் சாக்சனியின் சபைகளைப் பார்வையிடச் சென்ற குழுவுக்காக பிலிப் மெலாங்க்தன் சில விதிகளை எழுதினார். நியாயப்பிரமாணத்தைப் பிரசங்கித்தே மக்களை மனந்திரும்புதலுக்கு நடத்த வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஐஸ்லேபன் பள்ளியின் தலைவராயிருந்த யோகான் அகரிகோலா அதை ஏற்கவில்லை. மனந்திரும்புதல் அன்பில் பிறப்பது, அச்சத்தில் அல்ல என்பது அவர் கட்சி. லுத்தர் அப்போதைக்கு இருவரையும் சமாதானப்படுத்தினார். பத்தாண்டு கழித்து விட்டன்பெர்க்கிலேயே அந்தச் சர்ச்சை மறுபடி வெடித்தது. இம்முறை, சபைக்குச் சுவிசேஷம் போதும், மோசேக்குப் பிரசங்க பீடத்தில் வேலையில்லை என்ற அளவுக்கு அகரிகோலா போனார். 1537 இறுதியிலிருந்து லுத்தர் அதற்கு எதிராகத் தர்க்கங்கள் நடத்தினார். 1540-இல் அகரிகோலா பெர்லினுக்குப் போய் அங்கே அரசவைப் போதகரானார்.

அகரிகோலாவை ஒழுக்கக்கேட்டுக்கு வக்காலத்து வாங்கியவராகக் காட்டுவது அநியாயம். விசுவாசி கிருபைக்குக் கீழ்ப்பட்டவன் என்று பவுல் ரோமருக்கு எழுதியது அவர் பக்கம் நிற்கிறது. கிரியைகளால் யாரும் நீதிமானாவதில்லை என்று அவருக்குக் கற்பித்தவரும் லுத்தர்தான். ஆனால் அதே நிருபத்தில் பவுல் நியாயப்பிரமாணத்தைப் பரிசுத்தமானது என்கிறார். பாவம் இன்னதென்று தமக்குக் காட்டியது அதுவே என்றும் சொல்கிறார். லுத்தரின் பிடி இங்கேதான். நியாயப்பிரமாணம் போனால் பாவம் என்ற பெயரும் போகும். பாவமே இல்லையென்றால் கிறிஸ்து எதைச் சுமந்தார்? கிருபையைக் காக்கிறேன் என்று கற்பனைகளை அகற்றுகிறவர் மன்னிப்பையும் பொருளற்றதாக்கிவிடுகிறார். இந்த வாதத்துக்குத் தக்க மறுப்பு எதுவும் எனக்குத் தென்படவில்லை.

குற்றப்படுத்துவது மட்டுமே நியாயப்பிரமாணத்தின் வேலையென்றால், மன்னிப்புப் பெற்றவனுக்கு அது எதற்கு என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்குத் தர்க்க உரைகளைவிட 1529-இல் லுத்தர் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம் நல்ல பதில் தருகிறது. கிராமத்துச் சபைகளின் அறியாமையை நேரில் கண்ட வேதனையில் எழுதப்பட்ட நூல் அது. விசுவாசப் பிரமாணத்துக்கும் பரமண்டல ஜெபத்துக்கும் முன்னால் அதில் நிற்பவை பத்துக் கற்பனைகள். கொலை செய்யாதிருப்பதோடு கற்பனை முடிந்துவிடுவதில்லை, அயலானின் உடல் துன்பத்தில் கைகொடுப்பதும் அதில் அடக்கம் என்று லுத்தர் விளக்குகிறார். விலக்காக இருந்தது கடமையாகிறது. தேவனிடத்தில் அச்சமும் அன்பும் சேர்ந்திருப்பவனே அதைச் செய்ய முடியும். இது குற்றவாளிக்குச் சொல்லும் பேச்சல்ல, பிள்ளைக்குச் சொல்லும் பேச்சு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் இந்நூலைத் தமிழாக்கினார். தமிழ் லுத்தரன் சபைகளில் கொலை பற்றியது ஐந்தாம் கற்பனையாகவும் மற்றப் பல சபைகளில் ஆறாவதாகவும் எண்ணப்படுவது அந்த மரபின் அடையாளம்.

கால்வினின் ஜெனீவாவைக் காட்டி எதிர்ப்பவர்களுக்கு நியாயம் உண்டு. அங்கே மூப்பர் குழு நடனத்தையும் சூதாட்டத்தையும்கூட விசாரித்தது. தேவனுடைய சட்டம் காவலர் கைத்தடியாகிவிட்டது. அந்தக் கடுமையை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அதே கால்வின், ஸ்டிராஸ்பர்க்கில் பிரெஞ்சு அகதிகளுக்குப் போதகராயிருந்த நாட்களில், பாவ அறிக்கையும் மன்னிப்பின் அறிவிப்பும் முடிந்த பிறகே சபையாரைப் பத்துக் கற்பனைகளைப் பாட வைத்தார். மன்னிக்கப்பட்ட வாயிலிருந்து வரும்போது அது பாட்டாகிறது. 1563-இன் ஹைடல்பர்க் ஞானோபதேசம் இதை ஒழுங்காகவே வகுத்தது: மனிதனின் அவலம், மீட்பு, நன்றி என்று மூன்று பகுதிகள்; அவலத்தை அறிவிப்பதும் நியாயப்பிரமாணம்தான், ஆனால் பத்துக் கற்பனைகளின் விளக்கம் நன்றியின் பகுதியில் இருக்கிறது. அந்த விளக்கத்தின் முடிவில் நூலே தன்மேல் ஆட்சேபம் எழுப்பிக்கொள்கிறது. பரிசுத்தவான்களுக்கும் இந்தக் கீழ்ப்படிதலில் சிறு தொடக்கமே கைகூடுகிறது என்று ஒப்புக்கொண்டு, அப்படியானால் இவ்வளவு கண்டிப்பாக இதைப் பிரசங்கிப்பானேன் என்று 115-ஆம் கேள்வியில் கேட்கிறது. வாழ்நாளெல்லாம் நம் பாவத்தை மேலும் அறிந்து கிறிஸ்துவை மேலும் ஆவலோடு நாடவும், தேவசாயலில் நாளுக்கு நாள் புதுப்பிக்கப்பட ஆவியானவரின் கிருபையைத் தேவனிடம் ஓயாமல் வேண்டவும் என்பது அங்கே தரப்பட்ட பதில்.