பத்தாங்காலித் துயரமும் வாய் திறந்த சிப்பாய்களும்



சரித்திரம் என்றதும் மலாக்கா சுல்தான்களும் போர்த்துக்கீசியர்களும்தான் நம் நினைவுக்கு வருவார்கள். நம்மைப் போல் விடியற்காலையில் எழுந்து பால்மரம் சீவப் போனவர்களுக்கும் சரித்திரத்தில் இடம் உண்டு. அப்படிப்பட்ட 24 பேரின் கதை இது.

சிலாங்கூரில் ராவாங்கைத் தாண்டிக் கோலகுபு பாருவுக்குப் போகிற வழியில் பத்தாங்காலி இருக்கிறது. அதன் அருகே சுங்கை ரெமோக் பகுதியில் ஒரு ரப்பர் தோட்டம். சீனத் தொழிலாளர்கள் பெண்டு பிள்ளைகளோடு அங்கே கொங்சி வீடுகளில் குடியிருந்தார்கள். 1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டபின், நாட்டில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. தாத்தா பாட்டிமார் 'டாருராட்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது 1960 வரை நீடித்தது. கம்யூனிஸ்டுகள் செய்த கொடுமையும் கொஞ்சநஞ்சமல்ல. பால்மரங்களைக் கொத்திப் பாழாக்கினார்கள், எதிர்த்தவர்களைக் கொன்றார்கள். ஆனால் அதற்காகத் துப்பாக்கி வைத்திருக்கிற சர்க்கார் என்ன செய்தாலும் சரி என்று ஆகிவிடுமா?

1948 டிசம்பர் 11-ஆம் தேதி 'ஸ்காட்ஸ் கார்ட்ஸ்' என்ற பிரிட்டிஷ் படையின் ஒரு சிறு பிரிவு அந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தது. பலர் இருபது வயதை ஒட்டிய பையன்கள். அவர்களை நடத்திச் சென்றவர்கள் சார்ஜண்டுகள். பெரிய அதிகாரி ஒருவரும் கூட இல்லை. ஆண்களைத் தனியாகவும் பெண்கள், குழந்தைகளைத் தனியாகவும் பிரித்தார்கள். கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கொடுத்தீர்களா, அவர்கள் எங்கே என்று அதட்டினார்கள். சுடுவது போலப் பாசாங்கு காட்டிப் பயமுறுத்தினார்கள். அன்று மாலையே ஓர் இளைஞனைச் சுட்டுக் கொன்றார்கள். இரவு முழுவதும் மற்றவர்களைக் கொங்சியில் அடைத்து வைத்தார்கள். அந்த இரவை அந்தத் தாய்மார்கள் எப்படிக் கழித்தார்களோ!

மறுநாள் காலை பெண்களையும் பிள்ளைகளையும் லாரியில் ஏற்றினார்கள். சிறிது நேரத்தில் வெடிச் சத்தம் அவர்கள் காதில் விழுந்தது. மேலும் 23 ஆண்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். ஒருவர் கையிலும் ஆயுதம் இல்லை. மயங்கி விழுந்த ஒருவர் மட்டும் உயிர் பிழைத்தார். கொங்சி வீடுகளுக்கும் நெருப்பு வைத்துவிட்டுப் படை திரும்பியது.

சர்க்கார் சொன்ன காரணம் இதுதான்: "தப்பி ஓடினாங்க, அதனால சுட்டோம்." பிடித்து வைத்திருந்த ஆட்களில் ஒருவர்கூடக் காயத்தோடு அகப்படாமல் அத்தனை பேரும் செத்தது எப்படி என்று ஒரு சாதாரண ஆள்கூடக் கேட்பான். விசாரணை ஒன்று நடந்தது. படைவீரர்கள் மீது குற்றமில்லை என்று முடிந்தது. லாரியில் போன பெண்களை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. 1949 ஜனவரியில், தப்பி ஓடுகிறவர்களைச் சுட அனுமதிக்கும் ஒரு விதியைக்கூட, நடந்து முடிந்த செயல்களுக்கும் பொருந்தும்படி சேர்த்துக்கொண்டார்கள். திருடன் வந்து போனபின் கதவுக்குப் பூட்டு போடுவார்கள் என்று கேட்டிருக்கிறோம். இங்கே திருட்டுக்கே அனுமதிச் சீட்டு எழுதினார்கள்!

இருபது வருடம் ஓடிப் போனது. இதற்கிடையில் வியட்நாமில் 1968 மார்ச் 16-ஆம் தேதி மை லாய் என்ற கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கான பொதுமக்களைக் கொன்றார்கள். ஹியூ தாம்ப்ஸன் என்ற ஹெலிகாப்டர் விமானி நடுவில் இறங்கி, சொந்தப் படையையே எதிர்த்து நின்று சிலரைக் காப்பாற்றினார். ரான் ரைடன்ஹவர் என்ற இன்னொரு வீரர் அங்கே இருந்தவரே அல்ல. நண்பர்கள் வாயால் கேட்டதைச் சும்மா விடாமல், 1969-இல் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்த வருடக் கடைசியில் உலகமே அதைப் பத்திரிகையில் படித்தது.

அந்தச் செய்தி இங்கிலாந்திலும் பேச்சானது. பிரிட்டிஷ் படையும் இப்படிச் செய்திருக்குமா என்ற கேள்வி எழுந்தபோது, பத்தாங்காலிக்குப் போயிருந்த வில்லியம் கூட்ஸ் என்ற முன்னாள் சிப்பாய், 'தி பீப்பிள்' என்ற ஞாயிறு பத்திரிகையிடம் போய் உள்ளதைச் சொன்னார். தோழர்கள் சிலரும் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்தார்கள். யாரும் ஓடவில்லை, தப்பி ஓடிய கதையைச் சொல்லும்படி எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்றார்கள். 1970 பிப்ரவரி 1-ஆம் தேதி அது அச்சில் வந்தது. தங்கள் கையும் கறைபட்ட கை என்று ஊருக்கு முன் சொல்வது லேசான காரியமா? ஜெயிலுக்குப் போக நேர்ந்திருக்கலாம். வீட்டில் மனைவி மக்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். பொய்யோடு இருந்திருந்தால் அவர்களுக்குச் சௌகரியம்தான். இருபது வருடம் தாமதித்தார்களே என்று குறை சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் அந்தப் பெண்கள் சொன்னதைக் கேட்காத லண்டன், சிப்பாய்கள் சொன்ன பிறகுதான் காது கொடுத்தது.

தற்காப்பு அமைச்சர் டெனிஸ் ஹீலி போலீஸ் விசாரணைக்கு உத்தரவிட்டார். ஜூனில் தேர்தல் வந்து ஆட்சி மாறியது. போதிய சாட்சியம் இல்லை என்று விசாரணையை நிறுத்திவிட்டார்கள். மலேசியாவுக்கு வந்து பெண்களை விசாரிக்கும் வேலை நடக்கவே இல்லை. 1992-இல் பி.பி.சி. ஒரு படம் எடுத்தது. 1993-இல் உயிர் தப்பியவர்கள் மனு கொடுக்க, நம் நாட்டுப் போலீசும் விசாரித்தது. கடைசியில் குடும்பத்தார் லண்டன் நீதிமன்றப் படிகளை ஏறினார்கள். 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பொது விசாரணைக்கு உத்தரவிட மறுத்தது. காலம் கடந்துவிட்டது என்பது ஒரு காரணம். ஹேல் அம்மையார் என்ற நீதிபதி மட்டும் மாறுபட்டார். ஆனாலும் அந்தத் தீர்ப்பிலேயே, குற்றமற்றவர்கள் கொல்லப்பட்டார்கள் என்று ஒரு நீதிபதி வெளிப்படையாக எழுதினார். தப்பி ஓடிய கதையை அதற்குப் பின் யார் நம்புவார்கள்?

2018-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் வழக்கை ஏற்கவில்லை. அன்று லாரியில் ஏற்றப்பட்ட குழந்தைகள் அப்போது எழுபது வயதை எட்டியிருந்தார்கள்.