எண்ணிக்கையில் வராத சக்கரம்

இரண்டோடு ஒன்றைக் கூட்டினால் மூன்று. மோட்டார் வாகனச் சட்டத்தில் மட்டும், ஒரே ஒரு வண்டிக்கு, அது இரண்டாகவே நிற்கிறது.

நம் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2-ஆம் பிரிவைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் என்பது இரு சக்கர வாகனம். ஒரு சக்கரம் அதிகமாக உள்ள, கழற்றி மாட்டக்கூடிய சைடுகாரும் அதில் அடக்கம் என்கிறது உட்பிரிவு 27. டிரெய்லர் என்றால் என்ன என்று சொல்ல வரும் உட்பிரிவு 46, சைடுகாரையும் மறக்காமல் விலக்கி வைக்கிறது. ஆக, பைக்கோடு ஒட்டிக்கொண்டு மூன்றாவது சக்கரத்தில் உருளும் அந்தத் தொட்டி, பைக்கை மூன்று சக்கர வண்டியாகவும் மாற்றாது. தானே தனி வண்டியாகவும் ஆகாது. பின்னால் இழுத்தால் தனி வண்டி, பக்கத்தில் இழுத்தால் வண்டியின் அங்கம். இந்தச் சலுகை பிறந்த கதைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

மோட்டார் சைக்கிளில் கூட ஒருவரை ஏற்றிக்கொள்ள முதலில் கண்டுபிடித்த வழியே டிரெய்லர்தான். இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு பிரம்பு நாற்காலி, அதைப் பின்னால் கோத்து இழுப்பார்கள். உட்கார்ந்தவருக்குக் கிடைத்ததெல்லாம் புகையும் புழுதியும். ஓட்டுகிறவரோடு ஒரு வார்த்தை பேச முடியாது. கொக்கி கழன்றால்கூட அவருக்குத் தெரிய நேரம் பிடிக்கும். அடுத்து, நாற்காலியை முன்னால் கொண்டுபோய் வைத்தார்கள். பேச்சு கேட்டது, புழுதி இல்லை. ஆனால் எதன் மீது மோதினாலும் முதலில் மோதுவது விருந்தாளி. பின்னாலும் வேண்டாம், முன்னாலும் வேண்டாம் என்றால் மிச்சம் இருப்பது பக்கவாட்டு மட்டுமே.

சைக்கிளின் பக்கத்தில் இருக்கை பொருத்தும் யோசனைக்காக, 1893-இல் பெர்தூ என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி பத்திரிகைப் போட்டி ஒன்றில் பரிசு வாங்கினார் என்பார்கள். மோட்டார் சைக்கிளுக்கு அது வந்தது வேடிக்கையான வழியில். 1903 ஜனவரியில் ‘மோட்டார் சைக்ளிங்’ என்ற ஆங்கிலப் பத்திரிகையில் சைடுகார் மாட்டிய பைக்கை ஜார்ஜ் மூர் கேலிச்சித்திரமாக வரைந்தார். சில வாரங்களுக்குள் கிரஹாம் என்பவர் அதற்குத் தற்காலிகக் காப்புரிமையே வாங்கிவிட்டார். சிரிக்க வரைந்ததைப் பார்த்து ஊரே வண்டி செய்யத் தொடங்கியது.

பிரிட்டன் தன் மோட்டார் கார் சட்டத்தை நிறைவேற்றியதும் அதே 1903-இல்தான். 1904 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம்பர் பிளேட்டும் ஓட்டுநர் உரிமமும் கட்டாயமாயின. கார் ஓட்ட 17 வயது, மோட்டார் சைக்கிளுக்கு 14 போதும். கட்டணமும் வரியும் வேறு வேறு. அதனால் எது எந்த வகை என்பது வெறும் இலக்கண விவகாரமாக இல்லை, பணமும் வயதும் அதில் தொங்கின. கார் வாங்க வசதியில்லாத குடும்பஸ்தர்களுக்கு சைடுகார்தான் கார். மனைவி தொட்டியில், பிள்ளை அவள் மடியில். அதை டிரெய்லர் என்று சொன்னால் அந்தக் குடும்பத்துக்கு டிரெய்லருக்கான கட்டுப்பாடுகள் எல்லாம் வந்து விழும்.

தர்க்கப்படி பார்த்தால் அது டிரெய்லர்தான். சொந்த எஞ்சின் கிடையாது, தனியாக ஓடாது, இன்னொரு வண்டி இழுக்கிறது. சட்டம் இதை மறுக்கவில்லை. வேறு மாதிரி ‘கருதிக்கொள்கிறது’. விதித்த நிபந்தனைகளுக்கு உட்பட்ட சைடுகார் வண்டியின் பகுதியாகக் கருதப்படும், டிரெய்லராகக் கருதப்படாது என்று பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 186-ஆம் பிரிவில் இன்றும் சொல்கிறது. நம் ஊரில் இந்த விலக்கின் அருமை இன்னும் அதிகம். எஞ்சின் இல்லாத டிரெய்லரையும் நம் சட்டம் மோட்டார் வாகனம் என்றே சொல்கிறது. அதற்குத் தனிப் பதிவு வேண்டும். உட்பிரிவு 46-இல் அந்த ஒரு சொல் விடுபட்டிருந்தால், ‘ஷோலே’ படத்தில் ஜெய்யும் வீருவும் பாடிக்கொண்டு போன வண்டிக்கு இரண்டு பதிவு கேட்டிருப்பார்கள்.

பிரிட்டன் சக்கரத்தை விட எடையை நம்பியது. நான்குக்குக் குறைந்த சக்கரம், 8 அந்தருக்கு மேற்படாத எடை (சுமார் 406 கிலோ) என்றால் அது மோட்டார் சைக்கிள் என்றது 1930-ஆம் ஆண்டுச் சட்டம். இந்த இடைவெளியில் ரிலையன்ட் நிறுவனம் கதவும் கூரையும் உள்ள மூன்று சக்கரக் கார்களையே நுழைத்தது; மோட்டார் சைக்கிள் உரிமம் வைத்திருந்தவர்கள் அதில் குடும்பத்தோடு போனார்கள். கற்றுக்கொள்பவர்கள் 250 சிசிக்கு மேல் ஓட்டக்கூடாது என்று 1960-களின் தொடக்கத்தில் விதி வந்தபோது, சைடுகார் மாட்டிய வண்டிக்கு அது பொருந்தவில்லை. இளவட்டங்கள் சும்மா இருப்பார்களா? ஒரு இரும்புச் சட்டம், ஒரு சக்கரம், மேலே ஒரு பலகை: இதைப் பெரிய பைக்கின் பக்கத்தில் முடுக்கிவிட்டு ‘சைடுகார்’ என்றார்கள். சட்டப்படி சரிதான்.

நம் 1939-ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த வழியில்தான் போனது. நான்குக்குக் குறைந்த சக்கரம், சைடுகாரையும் சேர்த்து ஓர் எடை வரம்பு. 1988-இல் எடை போய் இரு சக்கரம் வந்தது; ஆட்டோ பெருகிவிட்ட நாட்டில் மூன்று சக்கரத்தை மோட்டார் சைக்கிளோடு வைத்திருக்க முடியாது என்று நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். பழைய சட்டத்தின் தடம் முழுதாக அழியவில்லை. பின்னால் ஒருவரைத்தான் ஏற்றலாம் என்னும் 128-ஆம் பிரிவு ‘இரு சக்கர மோட்டார் சைக்கிள்’ என்று சொல்கிறது. மோட்டார் சைக்கிள் என்றாலே இரு சக்கரம் என்று ஆன பிறகு அந்த அடைமொழி எதற்கு? மூன்று சக்கர மோட்டார் சைக்கிளும் இருந்த 1939-இல் அதற்கு வேலை இருந்தது.

ஹெல்மெட் விஷயத்தில் சைடுகாரில் உட்கார்ந்தவருக்கு 129-ஆம் பிரிவு நெடுநாள் விலக்கு தந்தது. 2019 திருத்தம் அதை எடுத்துவிட்டது. தலைப்பாகை அணிந்த சீக்கியர் நீங்கலாக, நான்கு வயதுக்கு மேற்பட்ட யாராக இருந்தாலும், மோட்டார் சைக்கிளில் எப்படிப் போனாலும் தலைக்கவசம் வேண்டும். நியாயம்தான். விழுந்தால் தொட்டியில் இருப்பவர் தலையும் அதே தார்ச்சாலையில்தான் மோதும்.

ஐரோப்பிய வகைப்பாடு கணக்கை மறைப்பதில்லை. சைடுகார் வண்டிக்கு எல்4 என்று தனி வகை: மூன்று சக்கரம், ஆனால் சமச்சீரற்ற அமைப்பு. ஆட்டோ போல இரு பக்கமும் ஒத்திருந்தால் எல்5. ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிரிவினை புரியும். சைடுகார் மாட்டிய பைக் வளைவில் சாயாது. தொட்டி இருக்கும் பக்கம் வேகமாகத் திருப்பினால் அந்தச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். ஆட்டோ ஓட்டிய பழக்கமோ பைக் ஓட்டிய பழக்கமோ இதற்கு முழுதாக உதவாது. நம் சட்டத்தில் இதற்கென்று தனி உரிமம் கிடையாது. மோட்டார் சைக்கிள் உரிமமே போதும். பைக்கை இரண்டு சக்கரத்தில் ஓட்டிக் காட்டித் தேறியவர் மறுநாளே சைடுகார் மாட்டிக்கொண்டு கிளம்பலாம். எண்ணாமல் விட்டதற்கு இந்த இடத்தில்தான் விலை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டுத் தெருக்களில் சைடுகார் அபூர்வமாகிவிட்டது. இன்று அதிகம் தென்படுவது மாற்றுத்திறனாளிகள் ஓட்டும், பின்னால் இரு பக்கமும் இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். அதைக் கணக்கிட்டால் நான்கு சக்கரம். ஆனால் சட்டம் அங்கேயும் சக்கரத்தை எண்ணவில்லை. யாருக்காக மாற்றியமைத்தது என்பதை வைத்து அதைத் தனி வகையாக்கி, 2019-இல் அதன் பழைய, கொஞ்சம் கூசவைக்கும் பெயரையும் மாற்றிவிட்டது.