நீரிழிவும் விழித்திரையும் – ஒரு மருத்துவ ஆராய்ச்சியின் வரலாறு

ஒரு நோயை அறிவது ஒன்று. அந்நோயின் பின்விளைவுகளை அறிவது பிறிதொன்று. இவ்விரண்டுக்கும் இடையே எத்துணை நீண்ட காலம் கழியக்கூடும் என்பதற்கு நீரிழிவின் வரலாறு சிறந்த சான்றாகும். சிறுநீரில் இனிப்புக் கலந்து வெளியேறும் இந்நோயைப் பண்டை இந்திய மருத்துவர் மதுமேகம் என்னும் பெயரால் நன்கு அறிந்திருந்தனர். ஆயின், அது கண்ணின் உட்புறத்தே விளைக்கும் கேட்டினை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை எவரும் கண்டிலர். உயிருள்ள மனிதனின் விழித்திரையைக் காண்பதற்கு அதுகாறும் வழி இல்லாமையே இதற்குக் காரணமாகும்.

விழித்திரை என்பது கண்ணின் பின்புறத்தே அமைந்த மெல்லிய நரம்புப் படலம். அதற்கு உணவும் ஒட்சிசனும் கொண்டு செல்பவை மிக நுண்ணிய குருதி மயிர்க்குழாய்கள். குருதியில் வெல்லம் பல்லாண்டுகள் மிகுந்திருப்பின் இக்குழாய்களின் சுவர்கள் நலிவுறும். சிலவிடங்களில் அவை புடைக்கும், சிலவிடங்களில் கசியும், சிலவிடங்களில் அடைபட்டுப் போகும். கசிவு மஞ்சட்புள்ளியை அடையின் கூரிய பார்வை மங்கும். அடைப்பு மிகுந்தவழிப் புதிய குழாய்கள் முறையின்றி முளைத்து, எளிதில் உடைந்து, கண்ணுள் குருதியைச் சொரியும். இவற்றுள் பெரும்பகுதி நோவின்றி நிகழ்வது. பார்வை குன்றியதை நோயாளி உணரும்போது கேடு முற்றியிருத்தலும் உண்டு.

கண்ணாடி தந்த காட்சி

1851ஆம் ஆண்டிலே ஜேர்மனிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தை நோக்கும் கருவியை உலகுக்கு அறிவித்தார். நான்காண்டுகளுக்குள், 1855இல், வியன்னா நகரத்துக் கண்மருத்துவர் எடுவர்ட் வொன் யேகர் அக்கருவியைக் கொண்டு நீரிழிவு நோயாளி ஒருவரின் விழித்திரையில் மஞ்சள் நிறப் படிவுகளையும் குருதிக் கசிவுகளையும் கண்டு விவரித்தார். ஆயினும் அறிஞருலகம் இதனை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அக்காலத்துக் கண்மருத்துவருள் தலைசிறந்தவராகக் கருதப்பட்ட அல்பிரெக்ட் வொன் கிரேஃப, நீரிழிவே இம்மாற்றங்களுக்குக் காரணம் என்பதற்குச் சான்றில்லை என மறுத்தார். 1872இல் இலண்டன் மருத்துவர் எட்வர்ட் நெற்றில்ஷிப் இறந்தோரின் கண்களை நுண்ணோக்கியால் ஆராய்ந்து யேகரின் கூற்றுக்கு வலுவூட்டினார். 1890இல் பெர்லின் நகரத்து ஹேர்ஷ்பெர்க் இம்மாற்றங்களை வகைப்படுத்தினார். எனினும் வழக்கு முடிந்தபாடில்லை. முதுமையும் உயர் குருதியமுக்கமுமே உண்மைக் காரணங்கள் என வாதிட்டோர் 20ஆம் நூற்றாண்டிலும் பலர் இருந்தனர்.

அவ்வாதத்தினை முற்றிலும் அறிவின்மை எனத் தள்ளிவிடுதல் தகாது. நீரிழிவு கண்டவர்களுள் இளையோர் அக்காலத்தில் நெடுநாள் வாழ்ந்திலர். நெடுநாள் வாழ்ந்தவரோ பெரும்பாலும் முதியோர். அவர்பால் உயர் குருதியமுக்கமும் உடன் இருந்தது. ஆகவே எது எதனால் விளைந்தது எனப் பிரித்தறிவது எளிதாக இருக்கவில்லை.

இன்சுலினும் எதிர்பாராத விளைவும்

இந்நிலை 1922ஆம் ஆண்டோடு மாறத் தொடங்கியது. கனடாவின் ரொறன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ற், மக்லியொட், கொலிப் ஆகியோரின் முயற்சியால், சதையியினின்றும் பெறப்பட்ட இன்சுலின் அவ்வாண்டு ஜனவரித் திங்களிலே 14 வயதுச் சிறுவனான லெனாட் தொம்சனுக்கு முதன்முதலிற் செலுத்தப்பட்டது. சில திங்களில் மடிவர் எனக் கைவிடப்பட்ட சிறுவர் எழுந்து நடந்தனர். மருத்துவ வரலாற்றில் இதற்கு நிகரான வெற்றிகள் மிகச் சிலவே.

ஆயின், இன்சுலின் நோயை நீக்கவில்லை, வாழ்நாளையே நீட்டியது. நீண்ட அவ்வாழ்நாளிற் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழிந்தபின், சிறுவராய் உயிர்பிழைத்தவர் இளைஞராய்ப் பார்வையை இழக்கலாயினர். முதுமையோ நாளங்களின் தடிப்போ காரணம் எனக் கூற இவர்பால் இடமில்லை. 1940களில் கிளாஸ்கோ நகரத்து பலன்ரைன் மயிர்க்குழாய்ச் சுவர்களிலே தோன்றும் நுண்புடைப்புகளை எடுத்துக்காட்டினார். ஏறத்தாழ 90 ஆண்டுகள் நீடித்த வழக்கில் யேகரின் பக்கமே வென்றது.

வெல்லத்தைக் கட்டுப்படுத்துதல் பயன் தருமா?

முதல் வழக்கு முடியுமுன்னரே இரண்டாவது வழக்கு எழுந்தது. பொஸ்ரன் நகரத்து மருத்துவர் எலியட் ஜொஸ்லின், குருதி வெல்லத்தை இயன்றவரை இயல்பு நிலையில் வைத்திருத்தலே பின்விளைவுகளைத் தடுக்கும் எனப் போதித்தார். உணவை அளந்து உண்ணவும், சிறுநீரைத் தாமே சோதிக்கவும், ஊசியைத் தாமே ஏற்றவும் நோயாளருக்குக் கற்பித்தார். மருத்துவமனையை அவர் ஒருவகைப் பள்ளிக்கூடமாகவே நடத்தினார் எனலாம். நியூயோர்க் நகரத்து எட்வர்ட் ரொல்ஸ்ரோய் முதலானோர் இதற்கு மாறாக, அத்தகைய கடுமையான ஒழுங்கு நோயாளரின் வாழ்வைச் சிறையாக்குமேயன்றிப் பயன் தரும் என்பதற்குச் சான்றில்லை என்றனர். இரு சாராரும் நல்லெண்ணம் படைத்தவரே. இரு சாரார்பாலும் தீர்ப்புக் கூறத்தக்க சான்று இல்லை. இவ்வழக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

இதற்கிடையே மருத்துவர் வேறு வழிகளையும் நாடினர். 1953இல் டென்மார்க்கின் பௌல்சன், மகப்பேற்றின்போது கபச்சுரப்பி அழிந்த ஒரு பெண்ணின் விழித்திரைக் கேடு குறைந்தமையை அறிவித்தார். அதன்பின், கபச்சுரப்பியையே அகற்றும் கொடிய சிகிச்சை பல நாடுகளிற் கையாளப்பட்டது. கண்ணைக் காக்க உடலின் தலையாய சுரப்பியைப் பலிகொடுக்கவும் துணிந்தனர் என்றால், அந்நாளைய மருத்துவரின் கையறுநிலை தெளிவாகும்.

ஒளியே மருந்தாதல்

1945 ஜூலை 10ஆம் திகதி நிகழ்ந்த சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் நோக்கியோருக்கு ஏற்பட்ட விழித்திரைத் தழும்புகள் ஜேர்மனிய மருத்துவர் மேயர்-ஷ்விக்கெராத்தின் சிந்தனையைத் தூண்டின. கண்ணைக் கெடுத்த ஒளியே அளவோடு செலுத்தப்படின் கண்ணைக் காக்காதோ என அவர் எண்ணினார். ஹம்பேர்க் மருத்துவமனையின் கூரையிற் கண்ணாடிகளை அமைத்துச் சூரிய ஒளியையே முதலிற் பயன்படுத்தினார். பின்னர் செனொன் விளக்கொளி வந்தது. 1960இல் லேசர் ஒளி தோன்றியபின் அதுவும் கண்மருத்துவத்திற் புகுந்தது. பொஸ்ரன் நகரத்து பீதம், அயெலோ ஆகியோர், விழித்திரையிற் பழைய தழும்புகள் பரந்திருந்த கண்களை நீரிழிவு அவ்வளவாகத் தாக்கவில்லை என்பதைக் கவனித்தனர். அதன் வழியே லேசரால் விழித்திரையின் ஓரங்களிற் சிறு தழும்புகளைப் பரவலாக உண்டாக்கும் முறையை மேற்கொண்டனர்.

இம்முறை உண்மையில் நன்மை தருமா? ஒளியாற் சுடப்பட்ட இடம் மீண்டும் பார்வை பெறாது; பக்கப் பார்வையும் இரவுப் பார்வையும் ஓரளவு குன்றும். பயன் உறுதியாகாதவிடத்து இவ்விழப்பை நோயாளர் மீது சுமத்துதல் அறமாகாது. ஆகவே 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசிய கண் நிறுவகம் 15 மருத்துவ நிலையங்களில், 1700க்கு மேற்பட்ட நோயாளரைக் கொண்டு ஒரு பேராய்வை நடத்தியது. ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்கு மட்டும் சிகிச்சை அளிக்கப்பட்டது. மறு கண் சிகிச்சையின்றி விடப்பட்டது. எக்கண் எது என்பதைக் குலுக்கல் முறையே தீர்மானித்தது.

இவ்வேற்பாடு கொடுமையன்றோ என வினவுதல் இயல்பு. ஆயின் அக்காலத்திற் சிகிச்சை நன்மையா தீமையா என்பதை எவரும் அறிந்திலர். ஐயம் உண்மையாக இருந்தமையாலேயே அவ்வாய்வு அறத்தின் எல்லைக்குள் நின்றது. ஐயம் நீங்கியவுடன் ஆய்வாளர் நடந்துகொண்ட முறையே இங்கு நினைக்கத்தக்கது. 1976இல் ஈராண்டு முடிவுகளைத் தொகுத்தபோது, சிகிச்சை பெறாத கண்களுள் நூற்றுக்கு 16 அளவில் கடும் பார்வையிழப்பு நேர்ந்திருந்தது. சிகிச்சை பெற்ற கண்களிலோ நூற்றுக்கு 6 அளவிலேயே நேர்ந்திருந்தது. உடனே ஆய்வு விதி மாற்றப்பட்டது. இடர் மிகுந்த நிலையிலிருந்த மறு கண்களுக்கும் சிகிச்சை அளிக்க வழிசெய்யப்பட்டது. ஆய்வின் முழுமையினும் நோயாளரின் பார்வையே பெரிதெனக் கொள்ளப்பட்டது.

வழக்கின் தீர்ப்பு

ஜொஸ்லின் தொடங்கிய வழக்குக்கும் தீர்ப்பு வரும் காலம் கனிந்தது. குருதி வெல்லத்தின் சில திங்கட் சராசரியை ஈமோகுளோபின் வழியே அறியும் சோதனையும், வீட்டிலேயே வெல்லத்தை அளக்கும் கருவியும் 1970களில் உருவாகியிருந்தன. இவையின்றி முறையான ஆய்வு இயலாது. 1983 முதல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 29 நிலையங்களில், இன்சுலினை நம்பி வாழும் 1,441 தொண்டர் இவ்வாய்வில் இணைந்தனர். ஒரு சாரார் அக்கால வழக்கப்படி மருந்தெடுத்தனர். மறு சாரார் நாடோறும் மூன்று அல்லது அதனின் மேற்பட்ட ஊசிகளோடும், விரல்நுனியிற் பன்முறை குருதிச் சோதனையோடும் கடும் ஒழுங்கை மேற்கொண்டனர். 1993இல் முடிவு வெளியாயிற்று. விழித்திரைக் கேடு தொடங்காதோரிடத்து அது தோன்றும் வாய்ப்பு நூற்றுக்கு 76 பங்கு குறைந்தது. தொடங்கியோரிடத்து அதன் வளர்ச்சி 54 பங்கு குறைந்தது. ஜொஸ்லின் 1962இலேயே காலமாகிவிட்டார்.

எதிர்த்தரப்பின் அச்சமும் முற்றிலும் பொய்யன்று. கடும் ஒழுங்கை மேற்கொண்டோரிடத்துக் குருதி வெல்லம் அளவுமீறித் தாழ்ந்து மயங்கும் இடர் மூன்று மடங்கு மிகுந்தது. நன்மையையும் இடரையும் ஒவ்வொரு நோயாளருக்கும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தல் மருத்துவரின் கடனாயிற்று. ஒக்ஸ்போட் பேராசிரியர் றொபேட் ரேணர் தலைமையில் நடந்த மற்றோர் ஆய்வு 5,102 பேரைக் கொண்டு 1998இல் நிறைவுற்றது. நடுவயதில் தோன்றும் நீரிழிவுக்கும் இவ்வுண்மை பொருந்தும் என்பதை அது காட்டியது. குருதியமுக்கத்தைக் கட்டுப்படுத்துதலும் விழித்திரையைக் காக்கும் என அதுவே நிறுவியது. முன்னர் குருதியமுக்கத்தைக் காரணமாகக் காட்டியோர் கூற்றிலும் ஒரு பாதி உண்மை இருந்ததென்பது இங்ஙனம் வெளிப்பட்டது.

புதிய குழாய்களை முளைக்கச் செய்யும் பொருளொன்று விழித்திரையிற் சுரக்கவேண்டும் என 1948இல் மைக்கேல்சன் ஊகித்தார். அதற்குப் பொருந்தும் புரதத்தை 1989இல் ஃபெராரா பிரித்தெடுத்தார். நீரிழிவு நோயாளரின் கண்ணீர்மத்தில் அது மிகுந்திருத்தலை 1994இல் உறுதிசெய்த குழுவில் முன்னின்றவர், லேசர் முன்னோடி அயெலோவின் மைந்தராவார். அப்புரதத்தை அடக்கும் மருந்தைக் கண்ணுட் செலுத்தும் முறை இந்நூற்றாண்டிற் பரவியது.

கண்டறிதலே காத்தல்

சிகிச்சை இருந்தும், நோயாளி காலந்தாழ்த்தி வரின் பயனில்லை. இதனையுணர்ந்த இங்கிலாந்து 2003 முதல் நீரிழிவுடையோர் அனைவரின் விழித்திரையையும் முறையாகப் படம்பிடித்துச் சோதிக்கும் திட்டத்தை மேற்கொண்டது. உழைக்கும் வயதினரிடையே பார்வையிழப்புக்கு ஐம்பதாண்டுகளாக முதற்காரணமாயிருந்த நீரிழிவு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவ்விடத்தினின்று இறங்கிவிட்டதென 2014இல் வெளியான ஆய்வு காட்டிற்று. 1976இல் மருத்துவர் வெங்கடசாமி மதுரையில் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனை தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்கு இச்சோதனையைக் கொண்டுசென்றது. அங்கும் சென்னைச் சங்கர நேத்ராலயாவிலும் எடுக்கப்பட்ட படங்கள், கணினியே விழித்திரைக் கேட்டினை இனங்காணும் என 2016இல் நிறுவிய ஆய்வுக்கும் உதவின.

யேகர் கண்ட காட்சிக்கும் 1993இன் தீர்ப்புக்கும் இடையே 138 ஆண்டுகள் கழிந்தன. அறிஞரின் கூர்மதி மட்டும் இத்தொலைவைக் கடக்கப் போதுமானதாக இருக்கவில்லை. பல்லாண்டுகள் நாடோறும் விரலைக் குத்திக் குருதி தந்தோரும், தம் இரு கண்களுள் ஒன்றைச் சிகிச்சையின்றி விட இசைந்தோரும் இன்றி அது கடக்கப்பட்டிராது. அவர்தம் பெயர்கள் நூல்களில் இல்லை. எனினும், ஆண்டுக்கொருமுறை விழித்திரையைச் சோதித்துக்கொள்க என மருத்துவர் இன்று கூறும் எளிய அறிவுரை அவர்களிடமிருந்து நமக்குக் கிடைத்த கொடையேயாகும். அதனைப் புறக்கணியாமையே அவர்க்குச் செய்யத்தக்க நன்றி.