சாலை இறப்புகளும் மாநில வரிசையும்: 2018ஆம் ஆண்டுக் கணக்கு

மாநிலங்களின் சாலை விபத்துகளை ஒப்பிடும்போது, எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து வரிசை மாறுகிறது. ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2018ஆம் ஆண்டுக் கணக்கில் 63,920 விபத்துகளுடன் தமிழகம் முதலிடம் பெற்றது. இறந்தோர் 12,216 பேர். உத்தரப் பிரதேசத்தில் விபத்துகள் 42,568. இறந்தோரோ 22,256 பேர். நூறு விபத்துகளுக்கு இங்கு 19 பேர், அங்கு 52 பேர். 2011 மக்கள்தொகையால் வகுத்தால், இலட்சம் பேருக்கு இங்கு ஏறக்குறைய 17, அங்கு 11, வரிசை தலைகீழாகிறது.

சிறு காயங்கள் காவல் நிலையத்தில் பதிவாகாத இடத்தில் விபத்துவழி விகிதம் தானே உயரும். ஆகவே அதனை மருத்துவ வசதியின் அளவுகோலாகக் கொள்வது பிழை. இறப்பு எண்ணிக்கை ஒப்பீட்டளவில் நம்பத்தக்கது. ஆயினும் அதுவும் எல்லைக்குக் கட்டுப்பட்டதே: 2022இல் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் உருவானபின், சென்னைக் காவல் எல்லையின் தென்புறநகர்ப் பகுதிகள் அதன்கீழ்ச் சென்றன. அவ்வாண்டின் சென்னை இறப்புகளை 2021ஆம் ஆண்டோடு அப்படியே ஒப்பிட இயலாது.